அமுச்சி கரைத்துக் கொடுத்த அரை மாத்திரை

கேள்வி இதுதான்: "பையனுக்கு ஒன்பது வயது. நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறோம், பையன் கோபி பக்கம் என் அம்மா வீட்டில் இருக்கிறான். மூன்று நாளாகக் காய்ச்சல், சளி. நேற்றுத் தலைவலி தாங்காமல் அழுதானாம். அமுச்சி, அதாவது என் அம்மா, டப்பாவில் இருந்த டிஸ்பிரினில் பாதியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு மெடிக்கல்காரர் 'அதையெல்லாம் கொழந்தைக்குக் குடுக்கலாமுங்களா?' என்று அம்மாவைச் சத்தம் போட்டிருக்கிறார். எங்களுக்கெல்லாம் சின்ன வயதில் அதைத்தானே கொடுத்தார்கள்? அரை மாத்திரையில் என்ன ஆகிவிடும்?"

நான் மருத்துவர் இல்லை. சத்தியமங்கலம் பக்கம் 26 வருடம் மெடிக்கல் கல்லாவுக்குப் பின்னால் நின்ற மருந்தாளுநர். அந்தக் கடைக்காரர் சத்தம் போட்டதில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் ஆளை மாற்றிப் போட்டுவிட்டார். அமுச்சியைத் திட்டிப் புண்ணியமில்லை.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஸ்பிரின் என்பது ஆஸ்பிரின்தான், இனி அந்த மாத்திரை வேண்டாம். ஒரு தடவை அரை மாத்திரை சாப்பிட்ட பையன்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, அதனால் இன்று இரவு தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஒரு வாரம், பத்து நாள் ஒரு விஷயத்தில் மட்டும் கண் இருக்கட்டும். காய்ச்சல் விட்டு, பையன் தேறி வருகிற மாதிரி இருக்கும்போது திடீரென்று வாந்தி ஆரம்பித்து நிற்காமல் போனால், அல்லது அளவுக்கு மீறி அசந்து தூங்கினால், அல்லது பேச்சும் நடத்தையும் அவனுடையது மாதிரி இல்லாமல் மாறினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். போனதும் சொல்ல வேண்டியது: "வைரஸ் காய்ச்சல் இருந்தது, நடுவில் ஆஸ்பிரின் கொடுத்தோம்." நீங்கள் சொல்லாவிட்டால் அது டாக்டருக்குத் தெரிய வழியே இல்லை.

சரி, இப்போது ஏன் என்பதற்கு வருவோம்.

உங்களுக்குச் சின்ன வயதில் அதைத்தான் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆஸ்பிரின் 1899-லிருந்து விற்பனையில் இருக்கிறது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்கக் குழந்தைக் காய்ச்சலுக்கும் அதுதான் மருந்து. அமெரிக்காவில் ஆரஞ்சுச் சுவையில் குழந்தைகளுக்கென்றே தனி மாத்திரை போட்டு விற்றார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

1963-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் நிபுணராக இருந்த டக்ளஸ் ரை என்பவரும் கூட்டாளிகளும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பதினோரு வருடங்களில் தாங்கள் பார்த்த 21 குழந்தைகளின் கதை அது. எல்லாருக்கும் ஒரே மாதிரி: சளி, இருமல், காய்ச்சல் என்று சாதாரணமாக ஆரம்பித்து, அப்புறம் வாந்தி, பிதற்றல், வலிப்பு, நினைவிழப்பு. 21 பேரில் 17 பேர் இறந்துவிட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் ஈரல் வீங்கி, மஞ்சளாகக் கொழுப்பேறிக் கிடந்தது. மூளையும் வீங்கியிருந்தது. அவர் பெயரிலேயே இதை ரைஸ் சிண்ட்ரோம், அதாவது ரை நோய், என்கிறார்கள். (கடையில் ஒருவருக்கு இதை விளக்கப் போய், "அரிசிச் சோத்துல வர்ற நோயுங்களா?" என்று கேட்டார். அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

காரணம் என்னவென்று அப்போது புரியவில்லை. கிட்டத்தட்ட 17 வருடம் கழித்துத்தான் நூல் பிடிபட்டது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஃப்ளூ பரவிய சமயத்தில் இந்த நோய் கண்ட 7 பிள்ளைகளையும், அதே ஃப்ளூ வந்து ஒன்றும் ஆகாமல் தேறிய அவர்களுடைய வகுப்புத் தோழர்கள் 16 பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நோய் கண்ட 7 பேரும் ஆஸ்பிரின் வகை மருந்து எடுத்திருந்தார்கள், தோழர்களில் பாதிப் பேர்தான் எடுத்திருந்தார்கள். 1980-ல் வெளிவந்த அந்தக் கணக்கு சின்னது, அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஒஹையோவிலும் மிச்சிகனிலும் பார்த்தபோதும் அதே திசையில்தான் கை காட்டியது. 1982-ல் அமெரிக்க அரசு பெற்றோரை எச்சரித்தது. பாட்டிலின் மேலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற சட்டம், தயாரிப்பாளர்கள் இழுத்த இழுப்பில் 1986 வரை தள்ளிப்போனது. அந்த நான்கு வருடத் தாமதத்தை இன்று படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

எச்சரிக்கைக்கு அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் பெரிய சாட்சி. 1979-80 ஃப்ளூ பருவத்தில் மட்டும் அமெரிக்காவில் 555 பேருக்கு இந்த நோய் பதிவானது. 1994-க்கும் 1997-க்கும் நடுவில் வருடத்துக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை. வைரஸ் அதேதான், பிள்ளைகளும் அதே மாதிரிப் பிள்ளைகள்தான். பெரிதாக மாறியது ஆஸ்பிரின் விஷயம்தான். பிரிட்டனில் 1986-ல் 12 வயதுக்குக் கீழ் கூடாது என்றார்கள், 2002-ல் அந்த வரம்பை 16 வயதுக்கு உயர்த்தினார்கள். அமெரிக்காவில் பதின்வயது முழுவதையும் சேர்த்துத்தான் எச்சரிக்கிறார்கள். "மீசை முளைச்சாச்சு, இனி அவனுக்கென்ன" என்று பத்தாவது படிக்கிற பையனுக்கு அப்பாவின் தலைவலி மாத்திரையை நீட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன மின்நிலையங்கள் உண்டு. வைரஸும் ஆஸ்பிரினும் சேர்ந்து, ஒரு சில பிள்ளைகளிடம் மட்டும், இவற்றை முடக்கிப்போடுகின்றன. பல்லடம் பக்கம் கரண்டு போனால் தறி அத்தனையும் ஒரே நேரத்தில் நிற்குமே, ஈரலில் அப்படி ஆகிறது. கொழுப்பு எரியாமல் செல்லுக்குள்ளேயே துளித்துளியாகத் தேங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. புரதம் செரித்து வரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியே அனுப்புவது ஈரலின் வேலை, அதுவும் நின்றுபோகிறது. அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது. மூளை வீங்க ஆரம்பித்தால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை. பிதற்றல், வலிப்பு, மயக்கம் எல்லாம் அங்கிருந்து வருகிறது.

எந்தப் பிள்ளைக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இவ்வளவு மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று யாரும் ஒரு கோடு போட்டுத் தரவும் இல்லை. உங்கள் "அரை மாத்திரை" கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பிரச்சினை அளவில் இருப்பதைவிட, வைரஸும் அந்த மருந்தும் ஒரே சமயத்தில் ஒரு பிள்ளை உடம்பில் சந்திப்பதில் இருக்கிறது. அரிதான ஆபத்துதான். ஆனால் அதே வேலையைச் செய்ய வேறு மருந்து இருக்கும்போது அந்த அரிதை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

நம் ஊரில் எனக்கு அதிகப் பயம் வாந்தி விஷயத்தில்தான். பிள்ளை வாந்தி எடுத்தால் வீட்டில் முதலில் வருகிற பேச்சு, "கொடல் ஏறியிருக்கும், வெளக்கெண்ணெய் போட்டுத் தட்டிக்கிட்டு வாங்க." இல்லையென்றால் கண் பட்டிருக்கும், பித்தம் ஏறியிருக்கும். சாதாரண வாந்தியாக இருந்தால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இந்த நோயில் நேரம்தான் எல்லாம். ஈரல் கெட்டால் கண் மஞ்சளாக வேண்டுமே என்று பார்த்துவிட்டு, மஞ்சக்காமாலை இல்லை என்று நிம்மதி அடைவார்கள். இதில் கண் மஞ்சளாவது வழக்கமில்லை. வயிற்றுப்போக்கும் இருக்காது, வெறும் வாந்தி, வாந்திக்கு மேல் வாந்தி, அதோடு ஒரு மந்தம். கைக்குழந்தையிடம் வாந்தி தெளிவாகத் தெரியாமல் பேதியும் மூச்சு வாங்குவதும் முன்னால் நிற்கலாம். முறிமருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, மூளை வீக்கத்தைக் குறைத்து, உடம்பு தானாக மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. மந்த நிலையிலேயே கொண்டுபோன பிள்ளைகளில் பலர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். நினைவிழந்த பின் போனால், பிழைத்தாலும் மூளையில் குறை தங்கிவிடலாம்.

அதற்காகக் காய்ச்சல், வாந்தி, மயக்கம் எல்லாமே இந்த நோய்தான் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறவியிலேயே கொழுப்பை எரிக்க முடியாத சில குறைபாடுகள் அச்சு அசலாக இதே மாதிரி வரும். உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் வருடாவருடம் பிள்ளைகள் இப்படிக் கொத்தாக இறந்தபோது மூளைக்காய்ச்சல் என்றே நம்பினார்கள். வேலூரைச் சேர்ந்த வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜானும் அந்த ஊர்க் குழந்தை மருத்துவர்களும் தேடிப் பார்த்ததில், பிள்ளைகள் விளையாட்டாகப் பிய்த்துத் தின்ற பேயாவரைக் காய்தான் காரணம் என்று தெரிந்தது. நம் ஊர்ப் பொறம்போக்கிலும் அது மழைக்கு முளைத்து நிற்கிற செடிதான்.

ஆஸ்பிரின் வீட்டுக்குள் எப்படி வருகிறது? குழந்தை டாக்டர்கள் யாரும் இன்று காய்ச்சலுக்கு அதை எழுதுவதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல்தான் வருகிறது, அதற்கு மூன்று வழி இருக்கிறது.

முதலாவது எங்கள் கடைகள். "காச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டால், நாலு வகை மாத்திரையைக் கத்தரித்து ஒரு காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிற பழக்கம் இருந்தது, பல இடங்களில் இன்னும் இருக்கிறது. ஒரு அட்டையை எடுத்துப் பாருங்கள். காலாவதித் தேதி ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், சில அட்டைகளில் மருந்தின் பெயரும் அப்படித்தான். இரண்டு மாத்திரை கத்தரித்தால், பெயர் கடையிலிருக்கும் பாதியோடு போய்விடலாம், அப்புறம் உங்கள் கையில் இருப்பது வெறும் வெள்ளித்தாளும் வெள்ளை வட்டமும். நானே அப்படிக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பெயர் இல்லாத மாத்திரை வீட்டு டப்பாவில் இருந்தால் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

இரண்டாவது, உங்கள் அமுச்சி வீட்டில் நடந்தது. தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று கரைகிற மாத்திரை, விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு வசதி. முந்தின தலைமுறைக்கு அது தலைவலி மாத்திரை, அவ்வளவுதான். 'ஆஸ்பிரின்' என்ற சொல்லையே அமுச்சி கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

மூன்றாவது, அப்பிச்சியின் (தாத்தாவின்) மஞ்சப்பை. நெஞ்சுவலி வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் என்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்கள் தினமும் போடுகிற எகோஸ்பிரின் ஆஸ்பிரினேதான், ரத்தம் உறையாமல் இருக்கக் குறைந்த அளவில். மாத்திரை பொடியாக இருக்கும். பொடியாக இருப்பதால் இது குழந்தைக்குத் தோதானது என்று நினைத்து எடுத்துக் கொடுத்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். கொழுப்பு மாத்திரையோடு ஆஸ்பிரின் சேர்ந்த கேப்சூலும் வருகிறது.

எங்கள் பக்கத்தில் இதை இன்னும் அவசரமாக்குவது டெங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தக் காய்ச்சல் எதுவென்று முதல் இரண்டு நாளில் யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பிரின் போய்ச் சேர்ந்தால் ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டுகளை, அவை வாழும் காலம் முழுக்க, அதாவது ஏழிலிருந்து பத்து நாள் வரை, ஒட்ட விடாமல் செய்துவிடும். டெங்குவில் ஏற்கெனவே பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும். மிச்சம் இருப்பதும் வேலை செய்யாவிட்டால் ஈறிலும் மூக்கிலும் வயிற்றுக்குள்ளும் ரத்தம் கசியலாம். இந்த ஒன்றில் பெரியவர்களுக்கும் அதே விதிதான். இப்யூபுரூஃபன் என்ற வலி, காய்ச்சல் மருந்தும் டெங்கு சந்தேகம் தீரும்வரை வேண்டாம். அப்பிச்சி மாதிரி இதயத்துக்காகத் தினமும் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், தானாக நிறுத்தாமல் அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டும்.

அம்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரை நோய் ஃப்ளூவுக்கு அடுத்தபடியாக அதிகம் வந்தது சின்னம்மைக்குப் பின்னால்தான். மாசி, பங்குனியில் ஊருக்கு ஊர் மாரியாத்தா நோம்பி சாட்டும் சமயமும் பிள்ளைகளுக்கு அம்மை போடும் சமயமும் ஒன்றாக வரும். அம்மை போட்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், ஒறம்பரை (உறவினர்கள்) வரமாட்டார்கள், வாசலில் வேப்பிலை, இங்கிலீஷ் மருந்தைத் தொடமாட்டார்கள். படித்தவர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். அமெரிக்காவில் அம்மைக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த காலத்தில், இங்கே ஆத்தாவின் பெயரைச் சொல்லி அந்த மாத்திரையைக் கிட்டே விடாமல் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த வழக்கத்தைப் பாதி மட்டும் விடுகிறவர்களிடம்தான் ஆபத்து: டாக்டரிடம் போகக் கூடாது என்பதை வைத்துக்கொண்டு, டப்பா மாத்திரையை மட்டும் ரகசியமாகக் கொடுப்பது. அம்மைக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆத்தா கோபிக்க மாட்டாள். இப்யூபுரூஃபன் வேண்டாம், கொப்புளங்களில் மோசமான தொற்று சேர இடம் கொடுக்கும் என்கிறார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் நெருங்கி, கொப்புளம் காய்கிற சமயத்தில் வாந்தி வந்தால் மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னம்மைக்குத் தடுப்பூசி இரண்டு தவணை உண்டு. அரசு இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும்.

26 வருடத்தில் ரை நோய் என்று உறுதியான ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. நான் கண்ணால் பார்த்தது வேறொன்று, இதன் பங்காளி. ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் நீலகிரித் தைலத்தோடு விண்டர்கிரீன் தைலமும் வாங்கி வருவார்கள், மூட்டுவலிக்கு நல்லது என்று. வாசனை மிட்டாய் மாதிரி இருக்கும். எங்கள் வீதியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, கட்டிலுக்கு அடியில் அப்பத்தா வைத்திருந்த பாட்டிலை மூடி திறந்து வாயில் கவிழ்த்துக்கொண்டது. நான் போனபோது சட்டை முழுக்க அந்த வாசனை, ஓடி வந்த பிள்ளை மாதிரி மூச்சு இரைக்கிறது, வாந்தி. உப்புத் தண்ணீர் கொடுத்து இன்னும் வாந்தி எடுக்க வைக்க ஒருவர் தயாராக நின்றார். தடுத்துவிட்டு, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு ஓடினோம். நல்லவேளை, உள்ளே போனது கொஞ்சம்தான், பிழைத்துக்கொண்டது. அந்தத் தைலம் ஏறத்தாழ முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் சொந்தக்காரன். ஒரு தேக்கரண்டியில், பெரியவர் போடும் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்குச் சமமான சரக்கு இருக்கிறது. இது நேரடி விஷம், வைரஸ் தேவையே இல்லை.

அப்படியானால் பையனுக்கு என்ன கொடுப்பது? பாராசிட்டமால். ஒரு வேளைக்கு, எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும், ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. உங்கள் பையன் 25 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 250-லிருந்து 375-க்குள். இங்கே ஒரு குழி இருக்கிறது: சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்று ஒன்றும், 250 என்று ஒன்றும் ஒரே மாதிரிப் பாட்டிலில் வரும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும். சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து ஸ்பூன் கணக்கில் ஊற்றினால் நாலு மடங்கு வரை போய்விடும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலைத்தான் அடிக்கும். சளி சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். பாட்டிலோடு வருகிற மூடி அளவையைப் பயன்படுத்துங்கள், குழம்புக் கரண்டி வேண்டாம்.

"உடனே காய்ச்சல் எறங்கற மாதிரி குடுங்க" என்று கேட்டு நிமுசுலைட் வாங்கிப் போனவர்கள் முன்பு எச்சாவே உண்டு. 12 வயதுக்குக் கீழ் அதை இந்தியாவில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள். பழைய சீட்டை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

ஆஸ்பிரினை டாக்டரே எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. கவாசாகி நோய், மூட்டுவாதக் காய்ச்சல், இதய அறுவை சிகிச்சை. இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையை நிறுத்தினால் இதயத்துக்குக் கேடு. அவர்கள் செய்ய வேண்டியது, வருடாவருடம் ஃப்ளூ தடுப்பூசி போடுவதும், வீட்டிலோ பள்ளியிலோ ஃப்ளூ, அம்மை தென்பட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுத்த டாக்டருக்குத் தெரிவிப்பதும். சின்னம்மைத் தடுப்பூசி போடுவதாக இருந்தாலும் அவரைக் கேட்ட பிறகுதான், ஏனென்றால் அந்த ஊசிக்குப் பின் ஆறு வாரம் ஆஸ்பிரினைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

இன்று ராத்திரி அமுச்சிக்குப் போன் செய்யுங்கள். திட்டுவதற்கு அல்ல. நேற்று எத்தனை மணிக்குக் கொடுத்தார், அரை மாத்திரை ஒரு தடவைதானா, முந்தின நாளும் உண்டா என்று பொறுமையாகக் கேட்டு, சமையலறைச் சுவரில் இருக்கிற தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாளைக் கிழிக்காமல் அதிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நிலை வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.